முகவரி இல்லாத தபால்

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால்.
கிராசா மேட்டில் சிவப்புத் தபால்பெட்டியைத் திறக்கிறேன்:
ஒரு மின்கட்டண உறை,
இரண்டு படஅட்டைகள்,
பதினொரு பர்சுகள்.

நேற்று கப்பல் வந்திருக்கிறது.
துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

காசை எடுத்துக்கொண்டு மிச்சத்தை
என் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.
ஆற்றில் வீசுகிறவர்களும் உண்டு.
எங்கள் மேட்டுத் திருடர்கள்
கொஞ்சம் படித்தவர்கள்.

இரவெல்லாம் இரும்புக்குள் கிடந்து
சில்லிட்ட தோல்.
ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர் எழுதுகிறேன்.
ஓட்டுநர் உரிமம், ஓட்டல் சாவி அட்டை,
மருந்துக் கடை ரசீது,
டிஷ்யூவில் பொதிந்த ஒரு பால்பல்.
ஒருவர் வங்கி அட்டையின் ரகசிய எண்ணைத்
தாளில் அழகாக எழுதி
அடிக்கோடும் போட்டிருக்கிறார்.
பாவம், மறந்துவிடுவோமோ என்ற பயம்.

வேலை முடிந்து வீடு திரும்ப
எனக்கும் அதே இருபத்தெட்டாம் எண் டிராம்தான்.
நகரத்தில் பாதிப் பேருக்கு அது வேடிக்கை,
மீதிப் பேருக்கு முழங்கால் வலி.

பொர்தாஸ் து சோல் நிறுத்தம்.
ஓட்டுநர் அதெரித்து தொண்டையைச் செருமிக்கொண்டு
நான்கு மொழிகளில் சொல்கிறார்:
பிக்பாக்கெட் ஜாக்கிரதை.

உடனே நாற்பது கைகள்
நாற்பது இடங்களைத் தொட்டுப் பார்க்கின்றன.
பின்பாக்கெட், இடுப்பு, மார்புக்கு உள்ளே,
ஒரு அம்மாள் காலுறையை.
டீச்சர் கேட்டதும் வகுப்பே கைதூக்கியதுபோல.
சன்னலோரம் சாய்ந்திருந்த ஒருவன் மட்டும்
எதையும் தொடவில்லை.
அவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
ஓட்டலில் படுக்கை மாற்றும் எவுஃபேமியா
சம்பள நாளன்றும் இதில்தான் வருகிறாள்.
கனத்தைக் காட் கருவாட்டுப் பொட்டலத்துக்குள்
செருகி வைத்துவிடுவாள்.
பக்கத்தில் நிற்கவே ஆளிருக்காது.
மாதம் முழுக்க அவள் கொடுக்கும் நோட்டு நாறும்,
ரொட்டிக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார்.

கதீட்ரல் வளைவுக்கு முன்னால் ஏறினார்
நெட்டையான ஒரு மனிதர்.
பையை இரு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தார்,
பிறந்த குழந்தையைப் போல.
கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.
டிராம் திரும்பியது.
அவர் சரிந்தார்.
சன்னலோரத்து இளைஞன் பதறித் தாங்கினான்:
"பார்த்து, பார்த்து, சார்!"
ஒரு கை முழங்கையில்.
மற்றது எங்கே என்பதை
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பொரு தடவை கத்தியிருக்கிறேன், "திருடன்!" என்று.
என்னைவிடச் சத்தமாகத்
திருடனும் கத்தினான்.
எல்லோரும் மறுபடி பாக்கெட்டைத் தொட்டார்கள்.
மறுநாள் பெட்டியில் இரண்டு அதிகம்.

அதனால் இப்போது கத்தவில்லை.
காலித் தபால்பையை,
கதவகலத்துக்கு இருக்கும் அந்த முரட்டுப் பையை,
இருவருக்கும் நடுவே நுழைத்து
நின்றுகொண்டேன்.
அவ்வளவுதான்.
கூட்டத்தில் ஒருத்தியின் பை இடைஞ்சலாக இருக்கிறது.

நெட்டை மனிதர் என்னை முறைத்தார்.
தன் பையை என்னிடமிருந்து
இன்னும் ஒரு விரற்கடை தள்ளி இறுக்கினார்.
மனைவியின் காதில் ஏதோ சொன்னார்.
அந்த அம்மாளும் என்னைப் பார்த்து
வளையலைச் சட்டைக்கைக்குள் தள்ளிக்கொண்டாள்.

இளைஞன் மணிக்கயிற்றை இழுத்தான்.
இறங்கும்போது என் தோளை உரசி,
மரியாதையாகத்தான் சொன்னான்:
"நாளைக்கு உங்களுக்கு ஒன்று குறைச்சல்,
தபால்காரம்மா."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன்.
பஸ் பாஸ் இருந்தது, சாவி இருந்தது.
பேனாவைக் காணோம்.
பதினாறு வருடங்களாகப்
பறிகொடுத்தவர்களின் பெயரை எழுதிய பேனா.

செவ்வாய்க்கிழமை, ஆறே முக்கால்.
பத்து பர்சுகள்.
அவற்றின் அடியில் பேனா.

மூடியை மட்டும் காணோம்.