இரண்டு இரவு

மட்டக்களப்பு இரவு ரெயில்
கோட்டையில் எங்களை இறக்கிவிட்டபோது
நீ கேட்ட முதல் கேள்வி:
காஸை மூடினோமா?

வெள்ளவத்தையில் ஃபஸ்மினாவின் மூன்றாம் மாடி.
கடல் பார்த்த ஜன்னலில் துவாய் காய்கிறது.
வட்டிலப்பத்தை மறுபடி வெட்டிக்கொண்டு
"இதுதான் கடைசி" என்கிறான் டெரன்ஸ்,
மூன்றாம் தடவையாக.
நீ மெல்லக் கேட்கிறாய்:
மூடினோம்தானே?

இரவு, கொம்பனித்தெருவில் ஒரு நிலக்கீழ் அறை.
சாக்ஸபோன்காரர் பகலில் வங்கியிலாம்,
கழுத்துப்பட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை.
எனக்கு ஜாஸ் விளங்காது.
தொடங்கிய இடத்தை நான் தேடிப் பிடிப்பதற்குள்
அது நாலு தெரு சுற்றி,
கைமாற்றைத் திருப்பித் தர வந்தவன்போல
வாசலில் வந்து நிற்கிறது.

அப்போதுதான்
என் முழங்காலில் உன் விரல்கள்.
பதினொரு வருடம்
கரண்ட் பில்லும் டியூஷன் காசும் எண்ணிய விரல்கள்,
டிரம்ஸுக்கு அரை நொடி முந்தி,
பிசகாமல்.
எங்கே வைத்திருந்தாய் இதை?

ஒரு மணிக்குக் காலிமுகத்திடல்.
காற்று காகிதத் தட்டைப் பறிக்க
இறால் வடையை மட்டும் நீ காப்பாற்றினாய்.
ஃபஸ்மினா சிரித்துச் சிரித்து
செருப்பொன்றைத் தொலைத்தாள்.
நாலுபேரும் போன் வெளிச்சத்தில் தேடினோம்.

விடிய, ரெயிலில்
என் தோளில் தூங்குகிறாய்.
ஒன்றும் கேட்கவில்லை.

மாகோ தாண்டியதும்
எனக்குத் தொடங்குகிறது:
மூடினோமா?