மேடை எண் நான்கு

கஷாய் என்று அந்த ஆற்றுக்குப் பெயர்.
நிறத்தைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்று
நமக்குத் தோன்றும். வட கரோலினாவில் யாருக்கும் தோன்றாது.
முழங்கை வரை முக்கினால்
மணிக்கட்டு தேன்நிறம்,
விரல்களைக் காணோம்.

காணாமல் போகத்தான் வந்திருந்தன அவை.
வாரத்தில் ஆறு நாள் கோழி ஆலையில்
தொடை வேறு இறக்கை வேறாகப் பிரிக்கும்
லூவென்னா பேஸ்மோரின் விரல்கள்.
இரண்டு நாள் விடுப்பு. இரவல் படகு.
இறுக மூடிய வாளி ஒன்று:
அங்கே கழிப்பறை கிடையாது,
எல்லாவற்றையும் திரும்பச் சுமக்க வேண்டும்.

சைப்ரஸ் மரங்கள் முட்டியை மட்டும்
நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.
நாலு மைல்.
கரை என்று எதுவும் இல்லை.
மரம், மரத்தடியில் தண்ணீர்,
தண்ணீருக்குள் அதே மரம் தலைகீழாக.
எதன் ஊடே போகிறோம் என்று
ஒருமுறை சந்தேகமே வந்தது.

இருட்டும்முன் தெரிந்தது மேடை.
தூண்மேல் பலகை, பதினாறடிக்கு இருபது.
அதில் ஏற்கெனவே ஒரு கூடாரம்.
கூடாரத்துக்கு முன் ஓர் ஆள்,
வாணலியில் பன்றிக்கறி.

"இன்று பத்தொன்பது" என்றாள் படகில் இருந்தபடியே.
அவன் தாளைப் பிரித்தான், கண்ணாடியைத் தேடினான்.
"எனக்கு இருபது" என்றான்
நாள் தப்பி வந்த ஹாகர்ட்.
அடுப்பை அணைத்துவிட்டுக்
கூடாரக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினான்.
மூன்றாவது கயிறு வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாலு மைலும் முட்டிகள். நிலவு வேறு இல்லை.

ஏறினாள். துடுப்பைப் பலகையின் நடுவே
குறுக்காகக் கிடத்தினாள்.
"அந்தப் பக்கம்" என்றாள்.

பிறகு பேச்சில்லை.
உனக்குச் சமைப்பது யார் என்று
ஆந்தை கேட்பதாக அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.
கேட்டுக்கொண்டே இருந்தது.
இருவருமே பதில் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது.
கழிமுகம் தள்ளிவிட்ட நீரெல்லாம்
வந்த வழியே இறங்கிப் போயிற்று, ஓசையில்லாமல்.
ஓசை போட்டது அவன் படகுதான்.
இழுத்துக் கட்டியிருந்தான்;
மூக்கு கயிற்றில் தொங்க, சாமான்கள் சரிந்தன.
அவனோ குறட்டையில் இருந்தான்.

துடுப்பைத் தாண்டிப் போனாள்.
மரத்துப்போன விரல்களோடு
முடிச்சை நகத்தால் தேடிப் பிடித்து
ஒரு முழம் தளர்த்தினாள்.
தாண்டித் திரும்பினாள்.

காலையில் அவன் முடிச்சைப் பார்த்தான்.
தான் போட்டது இல்லை அது.
ஒன்றும் கேட்கவில்லை.
வரக்காப்பியை அவள் கோப்பையில் முதலில் ஊற்றினான்.

நண்பகலோடு அவள் நாள் தீர்ந்தது.
இனி தாள் அவன் பக்கம் பேசும்.
படுக்கையைச் சுருட்டினாள்,
சரியில்லை என்று பிரித்து மறுபடி சுருட்டினாள்.
புழுவைக் கோத்துக்கொண்டே
"நாலுக்கு மேல்தான் கடிக்கும்" என்றான்,
யாரிடம் சொல்கிறான் என்று தெரியாதபடி.

துடுப்பு இன்னும் நடுவில்தான் கிடந்தது,
மேலே ஒரு தும்பி.
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
எழுந்து போய்
இரண்டு கயிறுகளையும் ஒரு முழம் சுருக்கினாள்.