கணக்கில் வராதது

ஹில்டா பென்னலின் முதல் வழக்கு
ஒரு நாற்காலி.
கேண்டர் வானிலை நிலையத்தில்
இரவுப் பணிக்கு முதுகு உடையாத ஒன்று வேண்டுமென்று
பதினொரு கடிதம் எழுதினாள்.
பன்னிரண்டாவதை
அந்த நொண்டி நாற்காலியோடு சேர்த்து
மேலாளரின் மேசைமேல் ஏற்றி வைத்தாள்.

"சங்கமெல்லாம் துறைமுகத்துக்காரர்களுக்கு.
நாம் பட்டம் பெற்றவர்கள்" என்றார் லியோ கீஃப்.
"பட்டம்தான், லியோ.
கயிறு யார் கையில் என்று பாருங்கள்."

அப்புறம் முப்பத்தொரு வருஷம்.
ஒட்டாவாவின் ஜன்னலில்லாத அறைகள்,
ஆறிப்போன காபி,
ஒரு காற்புள்ளிக்காக விடியும்வரை சண்டை.
ஒப்பந்தத்தில் 'வழங்கலாம்' என்றிருந்ததை
'வழங்க வேண்டும்' ஆக்க இரண்டு குளிர்காலம்.
தன் மணவிலக்கை மட்டும்
ஒரே அமர்வில் பேசி முடித்தாள்.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் இரவு
மறியல் கொட்டகையில் நானும் அவளும்.
டிரம்மில் பலகைத் துண்டுகள் எரிந்தன.
விமானங்களுக்கு அதிகாரிகள் உட்கார்ந்து பார்த்தார்கள்,
சிறு படகுகளுக்கு யாருமில்லை.
அவள் போன் அடித்தது.
ஃபோகோ தீவிலிருந்து ஒருவன்,
இருபது வருஷம் ரேடியோவில் அவள் குரல் கேட்டுப்
படகு இறக்கியவன்:
விடிந்ததும் நண்டுக்கூடை எடுக்கப் போகலாமா?

யாரும் ஒரு எண்கூடச் சொல்லக் கூடாது.
தீர்மானத்தில் இருப்பது அவள் கையெழுத்து.

வெளியே போனாள். கையுறையைக் கழற்றினாள்.
தலைக்குள் மூன்று நாள் பழைய வரைபடம்,
மேலே பிடிகொடுக்காத மேகம்.
"தென்கிழக்கு. நாற்பத்தைந்து நாட். போகாதே."
திரும்பி வந்து என்னைப் பார்த்தாள்.
நான் நெருப்பைப் பார்த்தேன்.

மறுநாள் கூட்டத்தில்,
தன் அண்ணனுக்கு அலை உயரம் சொன்ன குற்றத்துக்கு
ட்ரெவர் ஹைன்ஸை எழுந்து நிற்கச் சொல்லிக் கண்டித்தாள்.
குரல் பிசிறவில்லை.

அன்று அடித்த காற்று பன்னிரண்டு நாட்.
கடல் கண்ணாடியாய்க் கிடந்ததாம்.
ஃபோகோக்காரனுக்கு ஒரு நாள் நண்டு போச்சு.

நாலேகால் சதவீதம் வாங்கினோம். இரவுப்படியும்.
நாற்காலிகள் இப்போது சுழல்கின்றன.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு விடைகொடுத்தோம்.
கிளைத் தலைவன் ட்ரெவர்தான் பேசினான்,
தலை நரைத்த ட்ரெவர்:
"விதி என்றால் விதி.
தனக்கொன்று பிறருக்கொன்று கிடையாது இவருக்கு."
கைதட்டலுக்கு நடுவே
அவள் என்னைப் பார்த்தாள்.

நான் கிளையின் பொருளாளன்.
ரசீது இல்லாத எதையும் எழுதுவதில்லை.
அந்த மண்டபத்தில் நெருப்பும் இல்லை.
கேக்கைப் பார்த்தேன்.