மூன்றாம் மணி நேரம்

தடைக்காலத்தின் நாற்பதாம் நாள்.
காசிமேட்டில் விசைப்படகுகள்
தோளோடு தோள் இடித்துச் சும்மா நிற்கின்றன.
வலைக்கடைக்கு மேலே எங்கள் ஜெபக்கூடம்.
மேல்வீடுதான், ஆனால் ஆஸ்பெஸ்டாஸ்.
காலை எட்டரைக்கே
அவரவர் தலைமேல் அக்னி இறங்கிக்கொண்டிருந்தது.

பெந்தெகொஸ்தே ஞாயிறு.
என் கையில் பன்னிரண்டு பக்கம்.
ஆவிக்குக் கிரேக்கத்தில் என்ன, எபிரேயத்தில் என்ன,
மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று உட்பிரிவு.
இரண்டாம் பக்கத்தில் கரண்ட் போனது.
மைக் செத்தது.
மின்விசிறிகள் மரியாதைக்கு இன்னும் இரண்டு சுற்று
சுற்றிவிட்டு நின்றன.

குரலை உயர்த்தி வாசித்தேன்:
"ஆகவே பிரியமானவர்களே, ஆவியானவருடைய பொழிவின் நிமித்தம்..."
நடுவிலிருந்து கன்னியம்மா,
ஐஸ் வண்டி தள்ளித் தடித்த குரலில்:
"இன்னா சொல்ற பாப்பா? ஒண்ணும் புரில."

கேட்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.

அதே நேரம் கீழே, படிக்கட்டில் தேசப்பன்,
நிவாரணப் பணத்தில் நேற்று வாங்கியது
இன்னும் இறங்காமல்:
"உள்ள அல்லாரும் குட்ச்சிட்டுதான் கத்துறாங்கோ!"
கூடம் சிரித்தது. நானும்.
சிரித்த வாயோடு பேதுரு ஞாபகம் வந்தான்.

முதல் பிரசங்கம் இப்படித்தான் ஆரம்பித்தது:
நாங்கள் குடிக்கவில்லை ஐயா,
மணி ஒன்பதுதானே ஆகிறது.
இங்கே கடை திறக்கவே பன்னிரண்டு ஆகும்.

அவனும் வலைக்காரன்.
ஐம்பது நாளைக்கு முன்னே
வேறொரு நெருப்பில் குளிர்காய்ந்தவன்.
வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டதற்கே
அந்த ஆளைத் தெரியாது என்றவன்.
உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்றார்கள்.
கலிலேயாப் பேச்சு, கரைப் பேச்சு.

எனக்கும் அந்த முற்றம் தெரியும்.
இறையியல் கல்லூரி விடுதியில் முதல் வாரம்
"மெட்ராஸில் எந்த ஏரியா?"
ராயபுரம் பக்கம் என்றேன். பக்கம்.
மீன் ஏலம் கூவும் அம்மாவுக்கு
ரேஷன் கடையில் வேலை என்றேன்.
சேவல் ஏதும் கூவவில்லை, சாப்பாட்டு மணிதான் அடித்தது.
நாலு வருடம் நாக்குக்கு இஸ்திரி போட்டேன்.
நெருப்பு வந்தாலும் எதன்மேல் உட்காரும்?

தாள்களை முன்வரிசைக்குக் கொடுத்தேன்,
விசிறிக்கொள்ள ஆகும்.
"அது இன்னான்னா கன்னிம்மாக்கா,
அவுங்கோ பத்து நாளா கதவ சாத்திக்கினு கெடந்தாங்கோ.
வலை கீது, கடல் கீது, போவ தெகிரியம் இல்ல.
யாரும் தடை போடல, அவுங்களே போட்டுக்கினது.
அப்பதான் காத்து வந்துச்சு."

"காத்தா? எங்க?" என்றாள்,
முந்தானையால் விசிறிக்கொண்டு.

அப்புறம் சொன்னதெல்லாம் நினைவில்லை.
நாம் அறைந்து கொன்ற ஒருவர்
நம்மையே பேர் சொல்லிக் கூப்பிடுவது பற்றி.
என் தொண்டையில் அம்மாவின் ஏலக்குரல் இருந்தது,
அது மட்டும் நினைவிருக்கிறது.
கன்னியம்மா விசிறுவதை நிறுத்தினாள்.
"செரி. அதுக்கு நாம இன்னா பண்ணணும்?"

எருசலேமிலும் இதைத்தான் கேட்டார்கள்.
இந்தக் கேள்விவரை கூட்டிவந்து விட்டுவிட்டு
ஓரமாக நிற்பதுதான் என் வேலை போல.
எந்த உட்பிரிவிலும் நான் அதை எழுதியிருக்கவில்லை.

படிக்கட்டில், செருப்புகளுக்கு நடுவே
தேசப்பன் உட்கார்ந்திருந்தான்.
உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் வந்தது.
மைக் கொய்ங் என்றது.
யாரோ எழுந்துபோய் அதை அணைத்தார்கள்.