இரண்டு வரிக்கு மிகாமல்

படிவத்தில் பதினேழாவது கட்டம்:
"அணியின் வரலாறு, குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள்.
இரண்டு வரிக்கு மிகாமல்."
ரேஸ்கோர்ஸ் மைதான அலுவலகம், பகல் பன்னிரண்டேகால்.
மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவர் கேட்கிறார்:
"ரக்பியா? பட்டியல்ல இல்லையேம்மா.
கபடின்னு போட்டுக்கிறவா?"

போடாதீர்கள் சார்.
கபடியில் மூச்சைப் பிடிக்கணும்.
எங்களுக்கு மூச்சு வாங்கவே
எவளாவது கீழே விழணும்.

முதல் வருடம் ஐம்பத்தெட்டுக்குச் சுழியம்.
அந்தச் சுழியத்தில் நான் இல்லை,
கருமாத்தூரில் பத்தாவது கணக்கை
இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்தேன்.
இருந்தவள் பெரின் தஸ்தூர், பம்பாய்க்காரி,
பல் மருத்துவம் படித்தவள்.
விசில் ஊதியபின் புல்லில் துழாவி
தன் பல்லைத் தானே எடுத்துக்
காலுறைக்குள் போட்டுக்கொண்டாளாம்.
இரண்டாம் வருடம் நாற்பத்தொன்றுக்கு மூன்று.
மூன்றும் அவள் உதைத்தது.
மூன்றாம் வருடம் பணமில்லை, அதனால் அணியில்லை.
அதையும் வரலாறு என்றுதான் எழுத வேண்டும்.

பிறகு சல்கே ஹெம்ப்ரம் வந்தாள், மயூர்பஞ்சிலிருந்து.
பந்து கைக்கு வந்தால் இடது கோட்டோரம்
ஆள் தெரியாது,
சுண்ணாம்புத்தூள் எழும்புவது தெரியும்.
ரெஹானா மண்டல், ஸ்க்ரமில் எனக்கு இடத்தோள்.
அவள் காதும் என் காதும் உரசி உரசி
ஒரே சட்டியில் சுட்ட பணியாரம் போல வீங்கின.
குந்தி, ஆறடி. பிகாரில் எந்த ஊரென்று
கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டாம் எண் நான்.
பெயர் போதும்பொண்ணு.
நாலாவதும் பெண், அவ்வளவுதான் விஷயம்.
சட்டை முதுகில் அத்தனை எழுத்துக்கு இடமில்லையென்று
எண் மட்டும் போட்டார்கள். எனக்கும் தோதாயிருந்தது.
சல்கே ஒருநாள் அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.
சிரிக்கவில்லை.
மறுநாள் லைன் அவுட்டுக்குச் சங்கேதம் தேடியபோது
அவள்தான் சொன்னாள்:
கடைசி ஆளுக்கு நெடுக எறியணும் என்றால், "போதும்".
எதிரே நிற்கிற ஒருத்திக்கும் புரியாது.

அப்புறம் அந்த மழை ஆட்டம்.
(நாட்டின் பெயர் வேண்டாம், அவர்களும் பாவம்.)
எழுபத்தெட்டாம் நிமிடம். அவர்கள் பதினைந்து, நாங்கள் பத்து.
"போதும்! போதும்!"
தமிழே தெரியாத தொண்டைகள் கத்தக் கத்த
தலைக்குப் பின்னாலிருந்து எறிந்தேன்.
குந்தி எட்டிப் பறித்தாள்.
அங்கிருந்து பின்னால், பின்னால், இன்னும் பின்னால்.
இந்த ஆட்டத்தில் முன்னுக்குக் கைமாற்றக் கூடாது சார்.
பின்னால் வருகிறவளிடம் கொடுத்துவிட்டு
அவளுக்கும் பின்னால் ஓடணும்.
கோட்டுக்கு அப்பால் சல்கே விழுந்ததை நான் பார்க்கவில்லை.
என்மேல் மூன்று பேர் கிடந்தார்கள்.
பெரின் உதைத்தது மட்டும் சத்தமாய்க் கேட்டது.
பதினேழுக்குப் பதினைந்து.

ஊர் திரும்பினால் செய்தித்தாளில்
"ஜல்லிக்கட்டு மண்ணின் வீராங்கனை".
வாடிவாசலுக்கு எங்களை யார் விட்டார்கள்?
மொட்டைமாடியில் நின்று பார்த்ததோடு சரி.
நான் பழகியது தெப்பக்குளத்துக்கு வடக்கே, வைகைக்குள்,
சிமெண்டுச் சாக்கில் ஆற்றுமணல் அடைத்து
தோளால் இடித்து இடித்து.
மூன்று கோடையில் பதினோரு சாக்கு கிழிந்தது.

பெரின் இப்போது அடுத்தவர் பல்லைப் பிடுங்குகிறாள்.
சல்கேயின் கைப்பேசி எண் மாறிவிட்டது.
நான் மாட்டுத்தாவணி வெங்காய மண்டியில் கணக்கு,
பத்தாவது கணக்குப் பாஸாகாமலே.

"எழுதியாச்சா?" என்கிறார்.
கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து,
தாளைத் திருப்பி
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' மேலேயும் எழுதியிருக்கிறேன்.
அவர் படிக்கவில்லை.
திரும்பிப் பாராமல் தோளுக்குப் பின்னால் நீட்டினார்.
சுத்தமான பாஸ்.
பின் மேசைக்காரர் கை தட்டி
தாள் முன்பக்கமாக விழுந்தது.

விதிப்படி இதற்கு ஸ்க்ரம்.
குனிந்தேன்.