ஒன்றுக்கு எண்பத்தேழு

கோப்பிக் கடையில் கலக்கக் கொடுக்கும் குச்சிகள்,
நாற்பத்திரண்டு.
ஒன்றுக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை.
முதலில் கெட்டித் தேநீரில் முக்க வேண்டும்,
இல்லாவிட்டால் பிடிக்காது.
பிறகு காடி.
பாத்திரம் தேய்க்கும் இரும்புநார் ஒரு வாரம் கிடந்து
கரைந்துபோன காடி.
தொட்டதும் மரம் சாம்பலாகும்.
முப்பது வருட வெயிலை
முக்கால் மணி நேரத்தில் தருகிற தண்ணீர்.

கட்டுவது ஒரு குடில்,
தண்டவாளத்தோரம் கேட்காரன் மழைக்கு ஒதுங்க.
உயரம் மூன்றரை சென்டிமீட்டர்.
அவனோ என் சுண்டுவிரலின் நுனிக் கணு.
கதவைத் திறந்தபடியே ஒட்டினேன்.
மூடியிருந்தால்
உள்ளே என்ன என்று நானே எட்டிப் பார்ப்பேன்.

கூரைக்கு மைலோ டின்னின் வாயை மூடியிருந்த ஈயத்தாள்.
சீப்பின் பல்மேல் வைத்து நகத்தால் நீவ
நெளிநெளியாய்த் தகரம்.
ஆணி போனதற்கு ஊசியால் குத்தினேன்,
ஒரு மூலையைக் காற்று தூக்கியதுபோல்
தூக்கிவிட்டேன்.

"போன மாதம்தான் புளோக் முழுக்கப் புதுச் சாயம் அடித்தார்கள்,
நீ வீட்டுக்குள் உட்கார்ந்து அழுக்கை அடிக்கிறாய்"
என்றார் பரஞ்சோதி.
என் வேலை தெரிந்த மனிதர், அதனால் சிரித்தார்.

கடைசி ரயில் போனபின்
பீஷானில் இறங்கி
டார்ச் அடித்துத் துரு தேடுகிறவள் நான்.
கண்ட துருவுக்கு எண் கொடுப்பேன், படம் எடுப்பேன்.
இரண்டு நாளில் அது இருக்காது.
பகலெல்லாம் தூங்கி எழுந்து
மாலை ஆறு மணிக்கு
துருவை உண்டாக்க உட்காருவேன்.

டிசம்பரில் மழை விடவேயில்லை.
தொடர்ந்து இரவு வேலை, பன்னிரண்டு நாள்.
குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டித் தந்த அறையில்
எல்லார் வீட்டிலும்போல
அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி, பழைய மின்விசிறி,
இவற்றோடு என் குடில்.

திறந்து பார்த்தால் தெற்குச் சுவரில் பூஞ்சை.
பச்சைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து
நான் தடவியிருந்த பொய்ப்பாசிக்குப் பக்கத்திலேயே,
நிஜமாக.
ஒரு மில்லிமீட்டர் முளைத்து நின்றது.
கணக்குப் போட்டேன்:
கேட்காரனுக்கு அது ஓர் உள்ளங்கை அகலம்.
அப்படிப் பூத்த சுவருக்குள் யார் ஒதுங்குவான்?
மரத்தைச் சிறிதாக்கலாம், தகரத்தை, ஆளையும்கூட.
ஈரம் மட்டும்
தன் அளவிலேயே வந்து உட்காரும்.

நான் கண்ணாடி தேடுவதற்குள்
பரஞ்சோதி ஈரத்தாள் எடுத்து
ஒரே இழுப்பு.
கத்திவிட்டேன். மாமிசக் கடைக்குக் கேட்டிருக்கும்.

விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது
கூரை விளிம்பிலிருந்து சன்னல் கட்டைவரை
ஒரு கறை இறங்கியிருந்தது.
மேலே தடித்து, போகப்போக மெலிந்து,
பீலி இல்லாத வீட்டில் மழை சொட்டிச் சொட்டி
இறங்குமே, அந்தக் கறை.
மூன்று வாரம் எந்தத் தூரிகைக்கும் வராதது.

மற்றச் சுவர்களில் அதே தாள், அதே இழுப்பு.
சேறுதான் வந்தது.
அவரையே இழுக்கச் சொன்னேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாக இழுத்தார்,
கெட்டது.

நேற்றிரவு
ஒரு கிளிப்பின் கழுத்தில் புதுத் துரு.
ஓரத்தில் ஆரஞ்சு,
நடுவே கத்தரிக்காய்த் தோலின் நிறம்.
இத்தனை நாள் வெறும் பழுப்பைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.
படம் எடுத்தேன்.
குனிந்து, கிட்டத்தில், இன்னொன்று.

"எதுக்கு ரெண்டு?" என்றார் ஹனாஃபி.
ஒன்று ரிப்போர்ட்டுக்கு என்றேன்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
மணி மூன்று ஐந்து,
நடக்க இன்னும் இரண்டு நிலையம் இருந்தது.