மேலே நிற்கும் மஞ்சள்

கோம் ஒம்போ சர்க்கரை ஆலையில்
இருபத்தாறு வருடம் சுழல் எந்திரம் ஓட்டியவன் நான்.
பாகு வெளியே தெறிக்கும், வெள்ளை உள்ளே நிற்கும்.
எப்போது நிறுத்தலாம் என்று காதாலேயே சொல்வேன்.
வேலை நேரத்தில் ஒரு சிட்டிகை வாயில் போட்டதில்லை.
யாரும் நம்புவதில்லை.

ஆணி ஏறியது தெரியாது.
ஒரு பகல் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறேன்.
சாயங்காலம் நஜாத்
தரையில் கறையைத் துடைத்துக்கொண்டே வந்து
என் பெருவிரலடியில் நின்றாள்.

நான்கு மாதம். மூடவில்லை.
அஸ்வானில் ஒரு டாக்டர் விரலை எடுத்துவிடலாம் என்றார்.
இன்னொருவர், பொறுங்கள் என்றார்.

நர்ஸ் வெஃபா என் கையிலிருந்து
இரண்டு குழாய் ரத்தம் எடுத்து
ரொட்டிக்கூடை அளவு எந்திரத்தில் வைத்தாள்.
இவ்வளவு சின்னதா!
கண்ணை மூடிக் கேட்டேன்.
"இப்போது நிறுத்தலாம்."
இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

கீழே சிவப்பு. மேலே மஞ்சள்,
தெளியவைத்த கரும்புச்சாறு மாதிரி.
ஏதோ சேர்த்தாள், கூழாய் உறைந்தது,
புண்ணில் வைத்துக் கட்டினாள்.

மிச்சச் சிவப்பை என்ன செய்வீர்கள்?
கொட்டிவிடுவோம்.
"ஆலையில் கழிவுப்பாகைக்கூடக் கொட்டமாட்டோம், மாட்டுக்குப் போகும்."
சிரித்ததில் கட்டு கோணலாயிற்று, மறுபடி கட்டினாள்.

ஆறாம் வாரம் கட்டம் போட்ட தாளில் அளந்தாள்.
ஒன்பது கட்டம் இருந்தது, இப்போது இரண்டு.
கண்ணுக்குத் தெரிகிறது.
காலுக்கு இன்னும் தெரியாது.

ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுகிறேன்.
எனக்குப் பிறகு, ஒன்றும் சொல்லாமல்,
நஜாத்தும் ஒருமுறை.